குழந்தையின் பல்லில் வெள்ளைக் கோடு தெரிகிறதா? சொத்தையாகும் முன்பே நிறுத்திவிடலாம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் வருகிறது திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். காலவ மகரிஷியின் 360 பெண்களை, நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்துகொண்டார் என்கிறது தலபுராணம். கல்யாணம் கைகூட வேண்டி மாலையோடு பிராகாரம் சுற்றுபவர்கள், கைகூடிய பிறகு ஜோடியாக வந்து நன்றி சொல்பவர்கள், அப்புறம் குழந்தை குட்டியோடு வருபவர்கள் என்று கோயிலுக்கு எப்போதும் கூட்டம் உண்டு.

தரிசனம் முடிந்ததும் பல குடும்பங்களுக்கு அடுத்த நிறுத்தம் மாமல்லபுரம். கடற்கரையில் பஞ்சுமிட்டாய், ஐஸ்க்ரீம், வழியில் பாட்டில் ஜூஸ். நடுநடுவே செல்ஃபி. ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, சில குழந்தைகளின் சிரிப்பில் ஒரு விஷயம் கண்ணில் படலாம். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் இழுத்ததுபோல ஒரு மங்கலான வெள்ளைக் கோடு.

‘பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப்போகுது’ என்று பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த வெள்ளைக் கோடு, பல் சொத்தையின் முதல் அடையாளமாக இருக்கலாம். கறுப்பும் குழியும் வலியும் அதற்கு வெகுகாலம் கழித்து வருபவை.

இதில் நல்ல செய்தியும் உண்டு. வெள்ளையாக இருக்கும் கட்டத்தில் பல்லில் ஓட்டை விழுந்திருக்காது. டிரில் போட வேண்டாம், அடைக்க வேண்டாம். சரியாகக் கவனித்தால் அதை அங்கேயே நிறுத்தலாம். பல நேரங்களில் பின்னோக்கியும் திருப்பலாம். மருத்துவ உலகம் இதை உறுதியாகச் சொல்ல உதவிய கருவிகளில் முக்கியமானது, பாறைகளை ஆராய்கிறவர்கள் பயன்படுத்தும் ஒரு மைக்ரோஸ்கோப்.

மாக்கோலமும் வெள்ளைப் புள்ளியும்

பல்லின் வெளிப்புறக் கவசத்துக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவிகிதம் தாது உப்பு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கோடிக்கணக்கான நுண்ணிய படிகங்கள், கட்டுக்கட்டாக அடுக்கிவைத்ததுபோல நெருக்கமாக இருக்கும்.

பல்லில் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவையும் சாப்பிட்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகின்றன.

அந்த இடம் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? வாசலில் போடும் மாக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்த அரிசி மாவில் இழை இழுத்த உடனே கோலம் மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் பளிச்சென்று வெளுக்கும். ஈரம் இருந்த இடத்தில் காற்று புகுந்துகொள்வதால், வெளிச்சம் உள்ளே போகாமல் நாலாபக்கமும் சிதறுகிறது. துளை விழுந்த எனாமலிலும் இதேதான் நடக்கிறது. எச்சில் ஈரத்தில் மறைந்திருக்கும் புள்ளி, பல் காய்ந்ததும் தெரிகிறது. பல் மருத்துவர் சோதிக்கும்போது பல்லின்மேல் புஸ்ஸென்று காற்றடிப்பது இதற்காகத்தான்.

கூலிங் கிளாஸுக்குள் இருக்கும் தத்துவம்

வெள்ளைப் புள்ளியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்க முடியாது. அதற்குத் தேவை, ‘போலரைஸ்டு லைட் மைக்ரோஸ்கோப்’. பள்ளிப் பாடப்புத்தகம் இந்த வகை வெளிச்சத்தைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறது. பெயர்தான் கரடுமுரடு, விஷயம் எளிது.

சாதாரண வெளிச்சத்தின் அலைகள் எல்லாத் திசையிலும் அதிர்கின்றன. போலராய்டு என்ற வடிகட்டி, ஒரே திசையில் அதிரும் அலைகளை மட்டும் உள்ளே விடும். கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலின் கூச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும் ஒளி. போலராய்டு கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கோவளம் அலைகளில் சர்ஃபிங் போகிறவர்கள் கரையில் நின்று கடலைக் கணிக்க இந்தக் கண்ணாடி உதவுவது இதனால்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். எல்சிடி திரையிலிருந்து வருவது ஒரே திசையில் அதிரும் ஒளிதான். போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்த்தபடி தலையைச் சாய்த்தால், ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை நீட்டுங்கள். இருட்டில் வானவில் நிறங்கள் தோன்றும்!

திரையும் கண்ணாடியும் செய்த வேலையை மைக்ரோஸ்கோப்பில் இரண்டு வடிகட்டிகள் செய்கின்றன. ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்றுக்கொன்று குறுக்காக. நடுவில் எதுவும் இல்லையென்றால் இருட்டு. ஒழுங்காக அடுக்கிய படிகங்கள் கொண்ட பொருளை வைத்தால், அது ஒளியை இரண்டாகப் பிரித்து, இருட்டில் நிறங்களை எழுப்பும். இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். படிக அடுக்கு எங்கே கலைந்திருக்கிறதோ, அங்கே நிறமும் மாறும்.

பல்லாவரம் பாறை சொன்ன வழி

பல்லுக்கு முன்பே கல்லைப் படிக்கத்தான் இந்தக் கருவி பெரிதும் பயன்பட்டது. அதில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கொல்கத்தாவில், கிழக்கிந்திய கம்பெனியின் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல், பல்லாவரம் வட்டாரத்துப் பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, 1893-ல் அந்தப் பாறை வகைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் புவியியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது.

பாறையை இப்படிப் படிக்க, அதை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்ப்பார்கள். சுமார் 0.03 மில்லிமீட்டர் கனம். பல்லையும் அப்படித்தான் செய்கிறார்கள். வைர விளிம்புள்ள ரம்பத்தால் அறுத்து, சுமார் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வடிகட்டிகளுக்கு நடுவே வைக்கிறார்கள். படிகங்களால் ஆனது என்ற வகையில், எனாமலும் ஒரு பாறை போலத்தான்.

கரையான் அரித்த நிலைவாசல்

1950-களில் ஸ்வீடனில் குஸ்டாஃப்சன், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் டார்லிங், அவர்களுக்குப் பின் லியோன் சில்வர்ஸ்டோன் ஆகியோர் வெள்ளைப் புள்ளி விழுந்த பற்களை இப்படிச் சீவிப் பார்த்தார்கள். மேலிருந்துதானே அமிலம் அரிக்கிறது, மேற்பரப்புதான் முதலில் கெடும் என்று தோன்றும். அவர்கள் கண்டது வேறு.

மேற்பரப்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது! அதற்குக் கீழேதான் அரிப்பு. பெயின்ட் மின்னும் நிலைவாசலை உள்ளிருந்து கரையான் அரித்துவைத்ததுபோல.

அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62. தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. குவினோலின் என்ற திரவத்துக்கும் 1.62. சீவலைக் குவினோலினில் ஊறவைத்தால், திரவம் புகுந்த துளைகள் எனாமலோடு எனாமலாகக் கலந்து மறைந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்தால் துளைகள் தனித்துத் தெரியும். மாற்றி மாற்றி ஊறவைத்துப் பார்த்தே, எந்த இடத்தில் எவ்வளவு துளை என்று கணக்கிட்டார்கள். கிடைத்தவை நான்கு அடுக்குகள்.

அரிப்பு முன்னேறும் எல்லையில் இருப்பது, ஒளி ஊடுருவும் அடுக்கு. ஆரோக்கியமான எனாமலில் துளைகளின் அளவு வெறும் 0.1 சதவிகிதம். இங்கே சுமார் 1 சதவிகிதம். அதற்கு அடுத்தது இருண்ட அடுக்கு, 2 முதல் 4 சதவிகிதம். மூன்றாவதுதான் அரிப்பின் உடல். ஓரத்தில் 5, நடுவில் 25 சதவிகிதம் வரைகூடத் துளைகள். எல்லாவற்றுக்கும் மேலே, மூடிபோல மேற்பரப்பு அடுக்கு. அதில் மறுபடியும் சுமார் 1 சதவிகிதம்தான்.

உள்ளேயிருந்து கரைந்து வெளியேறும் உப்பும், எச்சிலில் இருக்கும் கால்சியம், பாஸ்பேட், ஃப்ளோரைடும் மேற்பரப்பில் திரும்பப் படிந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் மூடி தாக்குப்பிடிக்கிறது. சொத்தை என்பது ஒருவழிப் பாதையல்ல, வரவும் செலவும் உள்ள கணக்கு என்று இதிலிருந்து புரிந்தது. செலவு கூடினால் சொத்தை. வரவு கூடினால் பல் தேறும்.

இருண்ட அடுக்கிலும் ஒரு சேதி இருந்தது. அங்கே இருப்பவை மிகச் சிறிய துளைகள். குவினோலின் மூலக்கூறுகள் பெரியவை என்பதால் அவற்றுக்குள் நுழைய முடியாமல் காற்றே தங்கிவிடுகிறது. அதனால்தான் இருட்டு. உப்பு திரும்ப ஏறிய பற்களில் இந்த அடுக்கு அகலமாவதை சில்வர்ஸ்டோன் காட்டினார். பெரிய துளைகள் நிரம்பி, சிறிய துளைகளாகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பல் குணமாவதற்கான தடயத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

72 வெள்ளைப் புள்ளிகள், 7 ஆண்டுகள்

சீவிய பல்லில் தெரிந்தது உயிருள்ள வாயிலும் நடக்குமா? நெதர்லாந்தின் பேக்கர் டிர்க்ஸ் 1966-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. 8 வயதுக் குழந்தைகளின் மேல் கடைவாய்ப் பற்களில் இருந்த 72 வெள்ளைப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு 15 வயதானபோது மறுபடி பார்த்தார். ஓட்டையாக மாறியிருந்தவை 9 மட்டுமே. 26 அப்படியே இருந்தன. 37 இடங்களில் பல் ஆரோக்கியமானதுபோலவே தெரிந்தது. அதாவது, பாதிக்கும் மேல்!

இந்தப் புரிதல் சிகிச்சையையே மாற்றியது. கூர்மையான ஊசியால் பல்லைக் குத்திப் பார்ப்பதும், சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் தோண்டி அடைப்பதும் ஒரு காலத்தில் வழக்கம். மேல்மூடி மெல்லியது, அதைக் குத்தி உடைத்தால் நாமே ஓட்டை போட்டுக் கொடுத்ததாகிவிடும் என்று தெரிந்த பிறகு, வெள்ளைப் புள்ளியைக் குத்தக் கூடாது என்பது பாடமானது. வீட்டிலும் ஊக்கு, குண்டூசி வைத்துச் சுரண்டிப் பார்ப்பது கூடாது.

நெயில் பாலிஷ் பூசிய பல்

கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர் என்று திருவிடந்தை இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. பல்லைச் சீவலாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பல் மருத்துவ மாணவர்களின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. தேய்த்த சீவலை எச்சில் கையோடு எடுத்துவைக்கும் அளவுக்கு அது எளிதல்ல. கொஞ்சம் அழுத்தினாலும் நொறுங்கிவிடும்.

ஒரு புதிய பற்பசையோ, மருந்துப் பூச்சோ பல்லைத் தேற்றுகிறதா என்று அறிய இந்த மைக்ரோஸ்கோப் இன்றும் பயன்படுகிறது. கம்பி கட்டுவதற்கு இடம் வேண்டி எடுத்த பற்கள் இதற்கு உதவுகின்றன. பல் முழுக்க நெயில் பாலிஷ் பூசி, சின்ன ஜன்னல்போல ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். பிறகு அமிலக் கரைசலில் ஊறவைத்தால், ஜன்னல் வழியே மட்டும் செயற்கையாக ஒரு வெள்ளைப் புள்ளி உருவாகும். அதன்மேல் மருந்தைப் பூசி, சீவி, அரிப்பின் ஆழம் குறைந்திருக்கிறதா என்று அளப்பார்கள். ஃப்ளோரைடு வார்னிஷ், பாலின் புரதத்திலிருந்து எடுத்த கால்சியம் பூச்சு எல்லாம் இந்தத் தேர்வை எழுதியவைதான்.

எனாமலைத் தாண்டி அரிப்பு உள்ளே போனால், டென்டின் என்ற அடுக்கு. அதன் சட்டம், கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழைப் பின்னலாக அமைந்த அதன் வடிவத்தை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து முன்வைத்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். படிகங்களில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்பது பற்றி எஸ்.ராமசேஷனோடு அவர் 1961-ல் எழுதிய விரிவான கட்டுரையும் புகழ்பெற்றது. டென்டினின் உப்பு கரைந்து, இந்த நாரும் சிதைந்தால் பல் குழி விழுந்துவிடும். அங்கிருந்து பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை, அடைக்கத்தான் வேண்டும். அதனால்தான் எனாமலில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

தினமும் விருந்து வாய்க்கு ஆகாது

சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பல்லின்மேல் அமிலம் ஏறுகிறது. பி.எச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சமன் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். 1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டீபன் இதை அளந்து காட்டினார்.

எனவே, எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். கல்யாணச் சாப்பாட்டோடு இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டால் ஒரு அமிலத் தாக்குதல். ஒரே ஒரு ஜூஸ் பாட்டிலை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருந்தால், எச்சிலுக்குச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் முதலில் கெடுவதும் இதனால்தான். தூக்கத்தில் எச்சில் சுரப்பும் குறைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, பால் பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் உலகில் சுமார் 51.4 கோடிப் பேர். நிரந்தரப் பற்களில் சொத்தை உள்ளவர்கள் சுமார் 200 கோடி. இவ்வளவு பேரின் வலியும் ஒரு கட்டத்தில் வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மாதம் ஒருமுறை குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பல்லைச் சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். ஈறை ஒட்டிய பகுதி முக்கியம்.

* எல்லா வெள்ளையும் சொத்தையல்ல. முளைக்கும்போதே இருந்த புள்ளி, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பரவிய கோடுகள் என்றால் வேறு காரணம் இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதால் பல்லில் கறை விழுவது தெரிந்த விஷயம். எது என்று பல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

* ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் காலையிலும், படுக்கும் முன்பும் பல் தேய்க்க வேண்டும். 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு போதும். துப்பியதும் நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். அதிக ஃப்ளோரைடு உள்ள ஊர்க்காரர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

* ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் அழுக்கை நீக்கும். ஆனால் பற்பசையில் சேர்க்கும் ஃப்ளோரைடு அவற்றில் கிடைக்காது. சில மூலிகைப் பற்பசைகளிலும் இருக்காது. அட்டையைப் படித்து வாங்குங்கள்.

* இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக் கொடுங்கள். நடுவில் தாகத்துக்குத் தண்ணீர்.

* பால் பல்லை அலட்சியப்படுத்த வேண்டாம். பின்பக்கப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை.

* 6 வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பலரும் பால் பல் என்று நினைக்கும் அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். போனால் மறுபடி முளைக்காது.

வெள்ளைப் புள்ளியோடு போகும் குழந்தையைப் பார்த்துவிட்டு, “இப்போ அடைக்க வேண்டாம். வார்னிஷ் பூசிவிடுறேன், 3 மாசம் கழிச்சு கூட்டிட்டு வாங்க” என்று மருத்துவர் சொன்னால், ஒன்றுமே செய்யாமல் அனுப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். மூன்று மாதம் கழித்து மறக்காமல் கூட்டிப்போவது மட்டும் பெற்றோரின் வேலை.